நச்சை விழுங்கும் துரு

நீரை மின்னாற்பகுப்புச் செய்யும்போது மின்வாய்களாகப் பிளாட்டினத் தகடுகளைப் பயன்படுத்துவது ஏன்? பிளாட்டினம் எளிதில் கரைவதில்லை. விலை மலிவான இரும்பை நேர்மின்வாயாக வைத்தால் அது கரைந்து தேய்ந்துவிடும். ஆனால் இரும்பின் இந்தக் குறையே குடிநீரைத் தூய்மையாக்கப் பயன்படுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

மேற்கு வங்காளத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் கலந்துள்ளது. கண்ணுக்கும் நாவுக்கும் அது தெரிவதில்லை. இந்நீரை ஆண்டுக்கணக்கில் பருகுவோருக்குத் தோல் நோய்களும் புற்றுநோயும் உண்டாகின்றன. ஒரு லிட்டர் குடிநீரில் ஆர்சனிக் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இந்நீரில் இரும்புத் தகடுகளை நிறுத்தி மின்னோட்டத்தைச் செலுத்தினால், நேர்மின்வாயிலிருந்து இரும்பு அயனிகள் வெளிவருகின்றன. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றைத் துருவாக மாற்றுகிறது. இந்த நுண்ணிய துருத் துகள்களின் மேற்பரப்பில் ஆர்சனிக் ஒட்டிக்கொள்கிறது. பிறகு சிறிது படிகாரம் சேர்த்தால் துகள்கள் திரண்டு அடியில் படியும். தெளிந்த நீரை இறுத்துக்கொள்ளலாம்.

இதற்கு எவ்வளவு இரும்பு செலவாகும்? மைக்கேல் பாரடே 1830களில் வெளியிட்ட விதி விடை தருகிறது. இரும்பின் அணு எடை 56. கரையும்போது ஓர் அணு 2 எலெக்ட்ரான்களை இழக்கிறது. ஆகவே 96,500 கூலூம் மின்னூட்டம் 56 ÷ 2 = 28 கிராம் இரும்பைக் கரைக்கும். 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் பாய்ந்தால் 3,600 கூலூம். அப்போது கரைவது 28 × 3,600 ÷ 96,500, அதாவது சுமார் 1 கிராம். மின்னோட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ நீரில் சேரும் இரும்பின் அளவை மாற்றலாம்.

கலிபோர்னியாவில் அசோக் காட்கில் தலைமையிலான குழுவினர் இம்முறையை உருவாக்கினர். தெற்கு 24 பர்கானா மாவட்டத்திலுள்ள தப்தபி உயர்நிலைப் பள்ளியில், நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீரைத் தூய்மையாக்கும் நிலையம் 2016இல் அமைக்கப்பட்டது.

மலிவு என்பது தகட்டின் விலையோடு முடிந்துவிடுவதில்லை. தேய்ந்த தகடுகளை அவ்வப்போது மாற்ற வேண்டும். தகட்டின் மேல் படியும் துரு, மின்னோட்டத்திற்குத் தடையாகும். அடியில் தங்கும் சேற்றில் ஆர்சனிக் இருப்பதால், அதைக் கண்ட இடத்தில் கொட்டலாகாது. பாதுகாப்பாக அகற்ற வேண்டும். இச்செலவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சில வகைக் கழிவுநீரைத் தெளியவைக்க அலுமினியத் தகடுகளும் பயன்படுகின்றன. அலுமினியத்தின் அணு எடை 27, இணைதிறன் 3. 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரத்தில் எவ்வளவு அலுமினியத்தைக் கரைக்கும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.