பிரதம மந்திரியும் துணைக் கேள்வியும்

அரசாங்கத்தின் தலைவர் மக்கள் பிரதிநிதிகள் சபையில் எழுந்து நின்று, தாம் கொண்டுவரும் சட்டங்களைப் பற்றியும் செய்யும் செலவுகளைப் பற்றியும் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடையளிப்பது பண்டு தொட்டு வரும் வழக்கமென்று நம்மில் பலர் எண்ணியிருக்கக்கூடும். பார்லிமெண்டு முறைக்குத் தாயகமான பிரிட்டனிலேயே, இதற்கென்று தனி நேரம் ஒதுக்கப்பட்டது 1961ஆம் ஆண்டில்தான். பொதுப் பேரவைக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை நம் சங்க அங்கத்தினர்களுக்கும் உண்டாதலின், இம்முறை வளர்ந்த வரலாற்றையும் அது வேலை செய்யும் விதத்தையும் இவ்விதழில் ஆராய்வோம்.

அதற்கு முன்னும் காமன்ஸ் சபையில் பிரதம மந்திரியைக் கேள்வி கேட்கலாம். ஆனால் மற்ற மந்திரிகளைக் கேட்பது போலவே கேட்க வேண்டும். 1881இல் கிளாட்ஸ்டன் பிரதமராக இருந்தபொழுது, அவரது முதுமையைக் கருதி, அவருக்குரிய கேள்விகளை அன்றையப் பட்டியலின் இறுதியில் வைத்தார்கள். மரியாதைக்காகச் செய்த இந்த ஏற்பாடு நாளடைவில் வேறொரு பலனைத் தந்தது. பட்டியலின் முற்பகுதிக் கேள்விகள் நீண்டுகொண்டே போயின. பிரதமரின் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். நாட்டின் தலையாய மந்திரி, யாரும் திட்டமிடாமலே, கேள்விக்குத் தப்பிக்கலானார். 1953இல் சர்ச்சில் காலத்தில் செவ்வாய், வியாழன் என்று நாட்கள் மட்டும் குறிக்கப்பட்டன. மக்மில்லன் காலத்தில், 1961இல்தான், அவ்விரு நாட்களிலும் கால் மணி நேரம் பிரதமருக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1997இல் டோனி பிளேர் அதனைப் புதன்கிழமை ஒரே நாளில் அரை மணி நேரமாக மாற்றினார். நிமிடக் கணக்கில் இரண்டும் ஒன்றே; ஆயினும் வாரத்துக்கு இரு முறை விடை சொல்வதும் ஒரு முறை சொல்வதும் ஒன்றல்ல என்பதே நம் கருத்து.

இனி, அங்கே கேள்வி கேட்கப்படும் விதம் நம்மவருக்கு வேடிக்கையாகத் தோன்றும். பட்டியலில் பதிவாகும் கேள்வி பெரும்பாலும், "பிரதம மந்திரியின் இன்றைய அலுவல்கள் யாவை?" என்பதுதான். பிரதமர் இன்னின்னாரைச் சந்தித்ததாகச் சொல்லி அமர்வார். இது எவருக்கு வேண்டும்? ஒருவருக்கும் வேண்டாம். பிரதமருக்கெனத் தனி இலாகா பெரும்பாலும் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டால் அது சுகாதார மந்திரியிடம் மாற்றப்படும்; பள்ளிக்கூடத்தைக் கேட்டால் கல்வி மந்திரியிடம் போகும். எந்த மந்திரியிடமும் தள்ளிவிட முடியாத கேள்வி, பிரதமரின் அன்றாட அலுவலைப் பற்றிய கேள்வி ஒன்றே. அதைக் கேட்டு வாயிலைத் திறந்துகொண்டால், அதனைத் தொடர்ந்து துணைக் கேள்வி கேட்கும் உரிமை அங்கத்தினருக்குப் பிறக்கிறது. ஒரு மசோதாவின் விதியைப் பற்றியோ ஒரு செலவினத்தின் தொகையைப் பற்றியோ அவர் கேட்க விரும்பிய உண்மைக் கேள்வி அப்பொழுதுதான் வெளிவரும். அது இன்னதென்று பிரதமருக்கு முன்கூட்டித் தெரியாது. பிரதமரின் இல்லமாகிய டவுனிங் தெரு பத்தாம் எண் வீட்டுக் கதவில் இன்றும் 'கருவூலத்தின் முதற் பிரபு' என்ற பட்டமே பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்பட்டத்தைத் தாங்கியவரைப் பணத்தைப் பற்றிக் கேட்க இத்தனை சுற்று வழி வேண்டியிருப்பது விந்தையே.

அந்த அரை மணி நேரத்தில் கூச்சலும் கைதட்டலுக்குரிய சாமர்த்தியப் பேச்சும் மிகுதி என்பதையும் மறைப்பதற்கில்லை. எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள் உண்டு. ஏனைய அங்கத்தினர் பெரும்பாலோருக்கு ஒன்றே. ஒரே கேள்வியோடு உட்கார வேண்டியவரால் விடையிலுள்ள பொத்தலைச் சுட்டிக்காட்ட இயலாது. 2002 முதல் பிரதமர், தேர்வுக் குழுக்களின் தலைவர்கள் கூடிய குழுவின் முன் அவ்வப்பொழுது அமர்ந்து நீண்ட நேரம் விடையளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அங்கே கூச்சலில்லை, ஒருவரே ஒரு பொருளைப் பற்றித் தொடர்ந்து கேட்கலாம். பத்திரிகைகளில் புதன்கிழமைக் காட்சிக்கே இடம் அதிகம். எனினும் கணக்கறிய விரும்புவோர் படிக்க வேண்டியது இந்தக் குழுவின் நடவடிக்கைகளையே என்போம்.

துணைக் கேள்வியின் வலிமையை நம் நாட்டை ஆண்ட வெள்ளையர் நன்கு அறிந்திருந்தனர். 1892ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியச் சட்டசபை அங்கத்தினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை முதன்முதலாக அளித்தது. ஆனால் துணைக் கேள்விக்கு இடமளிக்கவில்லை. 1893இல் பிங்கா ராஜா கேட்ட முதற் கேள்வி, சுற்றுப்பயணம் வரும் உத்தியோகஸ்தர்களுக்குச் சாமான்கள் கொடுக்க நேர்ந்த கிராமக் கடைக்காரர்களின் கஷ்டத்தைப் பற்றியதாகும். அதிகாரியின் செலவு ஏழை வியாபாரியின் தலையில் விழுவதைப் பற்றிய கேள்வியே நம் நாட்டில் முதலில் எழுந்தது என்பது நினைக்கத்தக்கது. சர்க்கார் தரும் விடையைக் கேட்டுக்கொண்டு அமர்வதே அந்நாளைய முறை. 1909இல், மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றார்கள். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகே எல்லா அங்கத்தினர்களுக்கும் அவ்வுரிமை கிட்டியது. முதற் கேள்வியைக் கொடுத்தவர்கள் இரண்டாம் கேள்வியைப் பதினேழு ஆண்டுகள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்!

சுதந்திர இந்தியாவின் லோக சபையில் கேள்விகள் பெரும்பாலும் இரு வகைப்படும். நட்சத்திரக் குறியிட்டவற்றுக்கு மந்திரி வாய்மொழியாக விடையளிப்பார். அவற்றின் மீது துணைக் கேள்விகள் உண்டு. குறியிடாதவற்றுக்கு எழுத்து மூலமே விடை கிடைக்கும். துணைக் கேள்வி இல்லை. நாளொன்றுக்கு இருபது நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். ஒரு மணி நேரத்துக்குள் அவற்றுட் பல எட்டப்படாமலே எழுத்து விடையாகிவிடுவதும் உண்டு.

இம்முறை என்ன செய்ய வல்லது என்பதற்கு 1957ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றைக் காண்போம். 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் தேசியமயமாக்கப்பட்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் அமைந்தது. மறு ஆண்டே அது, ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒரு கோடியே இருபத்து நான்கு லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. அது பாலிசிதாரர்களின் பணம். சிறுகச் சிறுகச் சேர்ந்த பிரிமியத் தொகை. அதனை முதலீடு செய்வது பற்றி ஆலோசனை கூறவேண்டிய குழுவை முன்கூட்டிக் கலந்துகொள்ளவில்லை. லோக சபையில் இது பற்றிக் கேள்விகள் எழுந்தன. முதலில் கிடைத்த விடைகளால் அங்கத்தினர்கள் நிறைவடையவில்லை, அவர்கள் விடவுமில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி முழு விவரங்களையும் சபையின் முன் வைத்தார். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் காங்கிரஸ் அங்கத்தினர். பிரதம மந்திரி நேருவின் மருமகன். கையில் தேதியும் தொகையும் இருந்தமையால் கட்சியும் உறவும் அவர் கேள்விக்குத் தடையாகவில்லை.

பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி சாக்ளா விசாரணைக்கு நியமிக்கப்பட்டு, பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்துச் சில வாரங்களுக்குள் அறிக்கை தந்தார். தம் செயலாளரின் செய்கைக்கு மந்திரியே பொறுப்பாளி என்பது அவர் முடிவு. சென்னையைச் சேர்ந்த நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜிநாமாச் செய்தார். திறமைசாலியான அவர் 1963இல் மீண்டும் அதே பதவிக்கு வந்தார் என்பதையும் சொல்லுவதே நேர்மை. ராஜிநாமாவினால் நிதி இலாகாவை ஏற்க நேர்ந்த நேரு, அம்மாதம் 28ஆம் தேதி தாமே வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார்; நன்கொடை வரி என்ற புதிய வரியும் அதில் இடம்பெற்றது. ஒரு கேள்வியின் தொடர்ச்சியாக, நாட்டின் பிரதம மந்திரியே செலவுக்கும் சட்டத்துக்கும் நேரில் நின்று பதில் சொல்லும் நிலை உண்டாயிற்று.

விடையை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? "பரிசீலிக்கப்படும்", "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்று மந்திரிகள் கூறுவதுண்டு. இத்தகைய சொற்களை வாக்குறுதியாகவே கருதிக் குறித்துக்கொண்டு, மூன்று மாதங்களுக்குள் நிறைவேறியதா என்று பார்ப்பதற்கு லோக சபை 1953லேயே ஒரு குழுவை அமைத்தது. தாமதங்கள் இல்லாமலில்லை. ஆயினும் வாய்ச்சொல் காற்றோடு போகாமல் ஏட்டில் ஏறிவிடுகிறது. பார்லிமெண்டிடமிருந்து நம் சங்கங்கள் ஒன்றே ஒன்றைக் கடன் வாங்கலாமென்றால், நாம் இதைத்தான் சொல்லுவோம்.

சங்கங்களைப் பார்வையிடும் நாம் காணும் பொதுப் பேரவைகளில் கேள்விகளுக்குக் குறைவில்லை. கூலி எப்பொழுது உயரும், ரிபேட்டுத் தொகை எப்பொழுது வரும், உரம் ஏன் பருவத்தில் கிடைக்கவில்லை என்று கேட்கிறார்கள். தலைவர் எழுந்து, "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்பார். கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். அடுத்தது தேநீர். "எந்தத் தேதியில் எழுதினீர்கள்? பதில் வந்ததா? நகலைக் காட்டுங்கள்" என்ற துணைக் கேள்வி பிறப்பதில்லை. இதற்குக் காரணம் பயம் மட்டுமன்று. தணிக்கை அறிக்கையை முன்கூட்டிப் படித்து வருவோர் சிலரே. நூல் கொள்முதலுக்கு இத்தனை ரூபாய் என்று நிர்வாகக் குழு சொல்லும்பொழுது, சென்ற ஆண்டு எவ்வளவு, எத்தனை கட்டு, எந்த நம்பர் நூல், எத்தனை இடங்களில் விலை விசாரித்தார்கள் என்று கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். நேர்மையான தலைவருக்கு இத்தகைய கேள்வி பகையன்று. ஊரில் உலவும் வதந்திக்குச் சபையிலேயே பதில் சொல்லும் வாய்ப்பு.

அடுத்த பேரவைக்கு முன் ஒவ்வொரு ஆய்வு வட்டமும் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். சங்கத்தின் சென்ற ஆண்டு வரவு செலவுக் கணக்கை எடுத்து, அதில் ஒரே ஓர் இனத்தைத் தேர்ந்து, அதைப் பற்றி ஒரு மூலக் கேள்வியும் மூன்று துணைக் கேள்விகளும் எழுதுக. மூலக் கேள்வியைக் கூட்டத்துக்குப் பத்து நாட்கள் முன்னதாகச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுக. துணைக் கேள்விகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்க. கிடைத்த விடை அன்றைய நடவடிக்கைப் புத்தகத்தில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கூட்டம் கலைவதற்குமுன் படித்துப் பார்க்கவேண்டும். 'ஆவன செய்யப்படும்' என்றிருப்பின், அதன் எதிரே ஒரு தேதியையும் எழுதச் சொல்லுக.