பொய்க்கூரைக்கு எத்தனை பலகை? கடன் கோருமுன் ஒரு கணக்கு

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கோருவோரிடம் வங்கி மதிப்பீட்டு அறிக்கை கேட்பது வழக்கம். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் கோடை வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளத்தின் வெக்கையைக் குறைக்கவும், அறையின் அழகுக்காகவும் ஜிப்சம் பலகையாலான பொய்க்கூரை, அதாவது ஃபால்ஸ் சீலிங், அமைக்க விரும்புவோர் உண்டு. ஒப்பந்ததாரர் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று ஒரே வரியில் எழுதித் தரும் தாளையே மதிப்பீடாகக் கொள்வது போதாது. தேவைக்கு மேல் 10,000 ரூபாய் கடன் பெற்றால், ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் 5 ஆண்டு மாதத் தவணைகளில் சுமார் 12,455 ரூபாய் செலுத்த நேரிடும். குறைத்து மதிப்பிட்டாலோ வேலை பாதியில் நின்றுவிடும். ஆகவே பொருளின் அளவை நாமே கணக்கிட அறிந்திருத்தல் நலம்.

வகுத்தால் ஏழு, வரைந்தால் எட்டு

15 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்ட அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 165 சதுர அடி. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பலகை 6 அடிக்கு 4 அடி, தடிப்பு 12.5 மில்லிமீட்டர். அதன் பரப்பு 24 சதுர அடி. 165ஐ 24ஆல் வகுத்தால் 6.9, ஏழு பலகை போதும் என்று தோன்றும்.

இனிக் கட்டமிட்ட தாளில் அறையை வரைந்து பாருங்கள். 11 அடி அகலத்தை நிரப்ப ஒரு 6 அடிப் பலகையும் ஒரு 5 அடித் துண்டும் வேண்டும். 15 அடி நீளத்தில் 4, 4, 4, 3 அடி என நான்கு வரிசைகள் அமையும். வரிசைக்கு இரண்டு வீதம் எட்டுப் பலகைகள். ஒவ்வொரு வரிசையிலும் ஓர் அடித் துண்டு கழிவாகிறது; கடைசி வரிசையில் அகலத்திலும் ஓர் அடி போகிறது. அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் விரிசல் விழ வாய்ப்புண்டு. எனவே ஒரு வரிசையை 6, 5 என்றும் அடுத்ததை 3, 6, 2 என்றும் மாற்றி அமைக்க வேண்டும். அப்போதும் எண்ணிக்கை எட்டே. பரப்புடன் 10 சதவீதம் கழிவு சேர்த்து வகுத்தாலும் இதே விடை வரும். பரப்பு செலவின் தோராயத்தைக் காட்டும். எண்ணிக்கையை வரைபடமே உறுதி செய்யும்.

சட்டகம்

பலகையைத் தாங்கும் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்கள் பொதுவாக 12 அடி நீளத்தில் கிடைக்கின்றன. பலகையைத் திருகும் சீலிங் செக்ஷன் ஒன்றரை அடிக்கு ஒன்றாக 7 வரிசை ஓடும். 15 அடியை எட்ட ஒவ்வொன்றிலும் ஒரு முழுச் சட்டமும், அரை அடி மேற்பொருந்த மூன்றரை அடித் துண்டும் தேவை. ஒரு சட்டத்தில் மூன்று துண்டுகள் கிடைப்பதால், மொத்தம் 7 உடன் 3 சேர்த்து 10. குறுக்கே நான்கடிக்கு ஒன்றாகச் செல்லும் இன்டர்மீடியட் சேனல் 4. சுவரோரம் 52 அடிச் சுற்றளவுக்கு 5. தளத்திலிருந்து தொங்கவிடும் பட்டைகள் 12. இரு சட்டங்களும் சந்திக்கும் இடங்களுக்கான கிளிப்புகள் 28. 9 அங்குலத்துக்கு ஒன்றாகத் திருகினால் சுமார் 240 திருகுகள் செலவாகும். 300 வாங்குவது பாதுகாப்பு.

இணைப்பும் வண்ணமும்

பலகை இணைப்புகள் 55 அடி, சுவரோரம் 52 அடி; ஆக 107 அடிக்குக் காகித நாடா வேண்டும். இணைப்புப் பூச்சுத் தூளின் தேவையை அதன் பையில் அச்சிட்ட அளவைக் கொண்டு கணக்கிடலாம். பெயிண்ட் டப்பாவில் ஒரு லிட்டருக்கு 100 சதுர அடி என்றிருந்தால், இரு பூச்சுக்கு 330 சதுர அடி. 4 லிட்டர் வாங்க வேண்டும். பிரைமர் தனி.

முதலில் கவனிக்க வேண்டியது

ஜிப்சம் பலகை ஈரத்தைத் தாங்காது. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளக்காடாக்கிய பெருமழையை நாம் மறப்பதற்கில்லை. மேல்தளத்தில் கசிவு இருந்தால் அதைச் சீராக்கிய பின்னரே பொய்க்கூரைக்குச் செலவிடலாம். கசிவுநீக்கும் செலவும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். கட்டை மீது செங்கல் பாவிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையாயின், எடையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டறிதல் அவசியம்.

விலைப்புள்ளி பெறும்போது பொருள், கூலி, ஏற்றுமதி இறக்குக் கூலி, வரி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்கட்டு போன்ற இறக்கங்களின் செங்குத்துப் பரப்பைத் தனியாக அளப்பார்களா என்பதையும் முன்பே கேளுங்கள். உங்கள் வரைபடத்தோடு இரண்டு மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு, அதன் பிறகு கடன் தொகையை முடிவு செய்யுங்கள். ஒரு மாலை நேரக் கணக்கு, ஐந்தாண்டுத் தவணையின் சுமையைக் குறைக்கும்.