ஸ்பேனர் அப்பாவிடம், நோட்டு உன்னிடம்

கேள்வி: நான் உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். தேக்கா பக்கத்தில், பஃபலோ ரோட்டில் ஒரு வீவக புளோக்கில் குடியிருக்கிறோம். பள்ளியில் வீட்டுத் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஒரு புராஜெக்ட். குடும்பத்தில் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் அப்பா குழாய் வேலை செய்பவர் என்பதால் அவர் பெயரைக் கொடுத்தேன். அவரோ, "வர்ற ஞாயித்துக்கிழமை ஷவர், சமையல்கட்டுக் குழாய், ஃபிளஷ் எல்லாத்தையும் மாத்திடுறேன், முடிஞ்சது வேலை" என்கிறார். ஆசிரியர் "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? அப்பாவுக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. அறிக்கையில் அவரைப் பற்றி என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. அவர் மனம் நோகக் கூடாது.

பதில்: மகளே, ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை அப்பாவிடம் சொல்லிவிடு: "இரண்டு வாரம் எதையும் தொடாதீங்கப்பா." அவருக்கே காரணம் உடனே புரியும். இப்போது எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், பிறகு எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. அளப்பதுதான் உன் புராஜெக்ட். மாற்றுவது அதற்குப் பிறகு வருகிற வேலை.

அளக்க பில்லை நம்பாதே. ஸ்மார்ட் மீட்டர் வராத வீடுகளில் மீட்டரை நேரில் வந்து பார்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இடையில் வரும் பில் உத்தேசக் கணக்கு. அதை வைத்து வரைபடம் போட்டால் நடக்காத ஏற்ற இறக்கம் எல்லாம் நடந்ததாகத் தெரியும். வீட்டுக்கு வெளியே இருக்கும் மீட்டரை நீயே தினமும் ஒரே நேரத்தில் படித்து எழுது. கறுப்பு எண்கள் கனமீட்டர், சிவப்பில் இருப்பது லிட்டர். ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் அன்று வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுது: துணி துவைத்த நாளா, ஊரிலிருந்து விருந்தாளி வந்த நாளா, அம்மா வீடு கழுவிய வெள்ளிக்கிழமையா. இந்தக் குறிப்பு இல்லாத எண்ணால் பயனில்லை.

முதல் நாள் இரவு எல்லோரும் படுத்த பிறகு ஒருமுறை, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் ஒருமுறை படி. நடுவில் யாரும் எழுந்திருக்காமல் எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டிதான். கேசரிக்குப் போடும் கலர் பொடியில் ஒரு சிட்டிகையைத் தொட்டியில் கரைத்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடு. கீழே கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் இரவும் பகலும் ஓடும் இந்த ஒழுக்கைப் பல வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை.

அப்பாவை உட்கார வைத்துக் கேட்க வேண்டிய இடம் இதுதான். ரப்பர் ஏன் தேய்கிறது? பழைய தொட்டிக்கும் பாதி ஃபிளஷ், முழு ஃபிளஷ் என்று இரண்டு பொத்தான் உள்ள தொட்டிக்கும் உள்ளே என்ன வித்தியாசம்? மேல்மாடி வீட்டில் குழாய் வேகம் ஏன் வேறாக இருக்கிறது? இவற்றுக்கெல்லாம் பல வீடுகளின் குழாய்களைக் கழற்றிப் பார்த்தவரிடம் பதில் இருக்கும். நீ கேள்வியை எழுதிக்கொண்டு போ, அவர் சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொள், ஆங்கிலத்துக்கு அப்புறம் மாற்றலாம். அவர் சொன்னதை உன் அளவையோடு ஒப்பிட்டுப் பார். இரண்டும் ஒத்துப்போகாத இடம் கிடைத்தால் அதை மறைக்காதே. உன் அறிக்கையில் ஆசிரியர் நின்று படிக்கப் போகும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு வாரக் கணக்கு கையில் வந்ததும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல். ஷவரிலிருந்து தொடங்கு, ஏனென்றால் சிங்கப்பூர் வீடுகளில் அதிகம் தண்ணீர் போவது குளியலுக்குத்தான். பழைய ஷவரைப் பத்து விநாடி ஒரு வாளியில் பிடித்து அள, ஆறால் பெருக்கு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். புதியதையும் அப்படியே அள. ஒரு வாரம் மீட்டரைப் பார்த்த பிறகு அடுத்ததை மாற்றலாம். ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது மிச்சப்படுத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. குளிக்கும் நேரத்தையும் குறி. ஐந்து நிமிடத்துக்குள் குளிக்கச் சொல்கிறது பொதுப் பயனீட்டுக் கழகம். வேலை முடிந்து வியர்வையோடு வரும் அப்பாவுக்கு அது போதுமா என்று அவரிடமே கேள். வழிகாட்டியும் அந்த வீட்டில் குளிப்பவர்தான். அவர் கணக்கும் நோட்டில் வர வேண்டும்.

எண்களை ஒப்பிட ஒரு அளவுகோல் தருகிறேன். 2003-ல் இங்கே ஒருவர் வீட்டில் நாளொன்றுக்கு 165 லிட்டர் செலவழித்தார். 2023-ல் அது 141. 2030-க்குள் 130 ஆக்குவது இலக்கு. நான்கு பேர் உள்ள வீடு 141-லிருந்து 130-க்கு இறங்கினால் மாதம் ஏறக்குறைய 1,320 லிட்டர் மிச்சம். 2025 ஏப்ரலிலிருந்து 40 கனமீட்டர் வரை ஒரு கனமீட்டருக்கு 3.24 வெள்ளி; அந்த வீட்டுக்கு மாதம் நான்கு வெள்ளிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். இதை அறிக்கையில் பெரிதாக்கிக் காட்டாதே. பணம் சிறியது, உண்மை. தண்ணீரை மிச்சப்படுத்துவதற்கான காரணம் வேறு.

உன் தாத்தா பாட்டி இங்கே வளர்ந்தவர்கள் என்றால் 1963 பற்றிக் கேள். அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு 1964 பிப்ரவரி வரை நீடித்தது. மழை பொய்த்ததுதான் காரணம். அப்போது கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டரும் கிடையாது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் கிடையாது. அவை முறையே 2003-லும் 2005-லும்தான் வந்தன. ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்கும் 1962 ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. அப்போது உனக்கு ஐம்பது வயதாவது இருக்கும். கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறைய வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு லிட்டர் மிச்சம் என்பதன் பொருள் நான்கு வெள்ளிக் கணக்கில் அடங்காது.

அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்தவராக இருந்தால், "மழைநீர் சேமிப்பு செய்யலாமே" என்றும் சொல்லக்கூடும். சென்னையில் 2003-ல் கட்டடங்களுக்கு அது கட்டாயமானது, நிலத்தடி நீரும் பல இடங்களில் ஏறியது. இங்கே உங்கள் புளோக்கின் கூரை உங்களுடையது இல்லை, அதில் சேமிக்க முடியாது. ஆனால் மழை வீணாகவில்லை: இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. சிராங்கூன் சாலையில் பெய்யும் மழை வடிகால் வழியே ரோச்சோர் கால்வாய்க்கும், அங்கிருந்து 2008-ல் திறந்த மரினா அணைக்கட்டுக்குப் பின்னால் உள்ள நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு மாலை கால்வாய் ஓரமாக நடந்து பார். தேக்காவில் வடிகாலில் எண்ணெய் ஊற்றுவது ஏன் குடிநீர்ப் பிரச்சினை என்பது அங்கே புரியும்.

கடைசியாக அறிக்கை. அப்பாவின் தொழிலை எழுதத் தயங்காதே. அவர் என்ன சொல்லிக் கொடுத்தார், எதைக் கழற்றி மாட்டினார், நீ எதை அளந்தாய், எதை முடிவு செய்தாய் என்று தனித்தனியாக எழுது. பெற்றோர் செய்து கொடுத்த புராஜெக்டை ஆசிரியர்கள் இரண்டாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெற்றோரிடம் கற்றுச் செய்ததையும் அதே கேள்வியில் கண்டுகொள்வார்கள். ஆங்கிலத்தில் எழுதியதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுச் சமர்ப்பி.

கேள்வி: தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகனும் நானும் அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் பிடித்துவைக்கிறோம். மாமியார் கொசு வரும் என்று திட்டுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: மாமியார் சொல்வது சரி, நீங்கள் செய்வதும் நல்லது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்து தேங்கிய நீரில் முட்டையிட்டு, ஒரு வாரத்தை ஒட்டிய காலத்தில் பறக்கத் தொடங்கிவிடும். அதனால் பிடித்த தண்ணீரை அன்றே தீர்த்துவிடுங்கள். அரிசித் தண்ணீர் செடிக்கு, அலசிய தண்ணீர் தரை துடைக்கவோ கழிப்பறைக் கோப்பையில் நேராக ஊற்றவோ. ஃபிளஷ் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள், சோப்பு உள்ளிருக்கும் ரப்பரைக் கெடுக்கும். வாளியைக் கவிழ்த்து வைப்பதோடு நிற்காமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரிலும் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். பூந்தொட்டியின் அடித்தட்டைப் பார்க்கும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள், மேற்பார்வை மாமியாருடையதாக இருக்கட்டும்.

கேள்வி: ஷவரை மாற்ற உதவித்தொகை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. வீவக வீடுகளுக்கு 2024-ல் 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு தரப்பட்டது, 2025-ல் மேலும் 100 வெள்ளி சேர்க்கப்பட்டது. தண்ணீர்ச் சிக்கன முத்திரையில் மூன்று டிக் பெற்ற ஷவருக்கும் குழாய்க்கும் அதைப் பயன்படுத்தலாம். 2027 டிசம்பர் 31 வரை செல்லும்.