நத்தைச்சுருளுக்குள் ஒரு மெல்லிய கம்பி

அல்லாஹ் நமக்கு அருளிய பெரும் அருட்கொடைகளுள் ஒன்று செவிப்புலன். அதனை இழந்த குழந்தைகள் பலருக்கு இன்று ‘கொக்லியர் இம்பிளாண்ட்’ எனும் கருவி கைகொடுக்கிறது. காதின் பின்புறம் அணியும் பகுதி ஒலியை வாங்கி, தோலின் கீழ் பதித்த பகுதிக்கு அனுப்பும். அங்கிருந்து செல்லும் மெல்லிய கம்பியிலுள்ள மின்வாய்கள் செவிநரம்பைத் தூண்டும்.

அக்கம்பி சென்று தங்கும் இடமே நத்தைச்சுருள். நத்தையின் ஓடுபோல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுகள் கொண்டது. இதன் வாயிலருகே குருவியின் கீச்சொலி போன்ற உயர்ந்த ஒலிகளும், உச்சியருகே றபான் முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளும் உணரப்படுகின்றன. ஆகவே மின்வாய் நிற்கும் இடம் மாறினால் கேட்கும் ஒலியும் மாறும்.

இச்சுருளுக்குள் கம்பியைச் செலுத்துவது எப்படி? அவுஸ்திரேலியப் பேராசிரியர் கிரஹம் கிளார்க் 1977இல் கடற்கரையில் ஒரு சிப்பியோட்டினுள் புல்லைச் செலுத்திப் பார்த்தார். நுனி மென்மையாகவும் அடி விறைப்பாகவும் இருந்த புல் எளிதாகச் சுருண்டு சென்றது. மறு ஆண்டே மெல்பேர்னில் தமது கருவியை ஒருவருக்குப் பொருத்தினார்.

எனினும் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியருக்கு வாயிலுக்கு அப்பால் கண்ணால் காண முடியாது. கம்பியின் நுனி மடங்கியிருக்கலாம். சுருளின் கீழறையிலிருந்து மேலறைக்குத் தாவியிருக்கலாம். முழுமையாக உட்செல்லாமலும் இருக்கலாம். இதனை அறியவே படம் எடுக்கிறார்கள்.

தலையைக் குறித்த கோணத்தில் வைத்து எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்தில் மின்வாய்கள் சிறு புள்ளிகளாக வளைந்து தெரியும். அவற்றை எண்ணலாம், எத்தனை பாகை சுற்றியுள்ளது என்றும் அளக்கலாம். முழுச் சுற்று 360 பாகை. நுனி மடங்கியிருந்தால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காணப்படும். எந்த அறையில் கம்பி உள்ளது என அறிய சி.டி. ஸ்கேன் வேண்டும். ஆனால் உலோகம் படத்தைச் சற்று மங்கலாக்கும். எம்.ஆர்.ஐ. இதற்கு ஏற்றதல்ல, அதன் வலிய காந்தம் கருவியிலுள்ள காந்தத்தைப் பாதிக்கலாம்.

முதற் படத்தின் பயன் பின்னரும் தொடரும். நன்றாகக் கேட்டுப் பேசிய பிள்ளை சில காலத்தின் பின் அழைத்தாலும் திரும்புவதில்லை, உச்சரிப்பும் தெளிவிழக்கிறது. “கவனமில்லை” என்று வீட்டிலும் வகுப்பிலும் ஏச்சு விழுகிறது. பற்றரியோ வயரோ பழுதாகியிருக்கலாம். அவை சரியாயிருந்தும் குறை நீடித்தால், கம்பி சற்று வெளியே நகர்ந்திருக்கவும் கூடும். அப்போது புதிய படத்தை முதற் படத்தோடு ஒப்பிட்டால் விடயம் விளங்கும். ஓரிரு மின்வாய்கள் மட்டும் வெளிவந்திருந்தால் அவற்றை நிறுத்தி, ஏனையவற்றை மீளச் சீரமைக்கலாம். அதிகம் நகர்ந்திருந்தால் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

கதிர்வீச்சைக் கருதிக் குழந்தைகளுக்கு வீணாகப் படம் எடுப்பதில்லை; எப்போது தேவை என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். பெற்றோர் செய்ய வேண்டியது, முதற் படத்தைப் பத்திரமாக வைத்திருப்பதும் பிள்ளையின் கேட்டலில் ஏற்படும் மாற்றத்தைத் தாமதமின்றிச் சொல்வதுமாகும்.

மாணவிகளே, கணிதத்தில் கற்ற கோணமும் பௌதிகத்தில் கற்ற எக்ஸ் கதிரும் உயிரியலில் கற்ற செவியும் இங்கே ஒன்றுகூடுகின்றன. உங்கள் வகுப்பில் இக்கருவி அணிந்த தோழி ஒருத்தி இருந்து, ஒருநாள் நீங்கள் அழைத்தும் அவள் திரும்பாவிட்டால் கோபிக்காதீர்கள். அருகில் சென்று, “உனக்குச் சரியாகக் கேட்கிறதா?” என்று கேளுங்கள்.