சித்திரை வந்தாச்சு: பொட்டாசியம் குறைக்க வேண்டியவர்கள் கவனத்துக்கு

சித்திரை, வைகாசியில் நாஞ்சில் நாட்டில் இளநீரும் சக்கையும் மலிந்து கிடக்கும். நலமாக இருப்பவர்களுக்கு இவை அருமையான உணவு. சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னவர்களும் டயாலிசிஸ் செய்பவர்களும் இந்த இரண்டு மாதமும் விழிப்பாக இருக்க வேண்டும்.

பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருந்தால் சரி. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், நின்றுபோகவும் கூடும். மிகுதியை வெளியேற்றும் சிறுநீரகம் தளர்ந்துவிட்டால், உள்ளே போவதைத்தான் குறைக்க வேண்டும். இவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு சுமார் 2,000 மில்லிகிராம் என்று அளவு வைப்பார்கள். உங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

முதலில் இளநீர். 100 மில்லியில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பெரிய காய் ஒன்றைக் குடித்தாலே நாள் அளவில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். 100 கிராம் சக்கைச் சுளையில் சுமார் 450, வாழைப்பழத்தில் சுமார் 350. ஏத்தனோ, செவ்வாழையோ, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டியோ, எதற்கும் விலக்கில்லை. அக்கானி, கருப்பட்டி, முருங்கைக்கீரை, உலர்பழங்கள் ஆகியவையும் வேண்டாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அதைத் தொடவே கூடாது.

சேர்க்கக்கூடியவை

ஆப்பிள், அன்னாசி இரண்டிலும் 100 கிராமுக்கு 110 அளவில்தான் உண்டு. நாளுக்கு ஒரு சிறு கிண்ணம் போதும். தர்ப்பூசணியிலும் இதே அளவுதான். ஆனால் அரைக் கிலோ தின்றால் 550 ஆகிவிடும். காய்களில் சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி நல்லவை.

சமைக்கும் முறை

மரச்சீனி, சேனை, சேம்பு, உருளை ஆகியவற்றைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைத்து வடியுங்கள். வெறுமனே ஊறவைத்தால் போதாது. வேகும்போதுதான் பொட்டாசியம் தண்ணீரில் நன்றாக இறங்கும். வடித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும் என்பதால் அளவோடு சாப்பிடுங்கள். அவியலில் காய் தன் சாற்றிலேயே வேகிறது, எதுவும் வெளியேறாது. நோயாளிக்கென்றால் காயை முன்பே வேகவைத்து வடித்துச் சேருங்கள். சாம்பார், தீயல், மீன்குழம்பு இவற்றில் சாற்றைக் குறைத்து ஊற்றுங்கள்.

மருந்தும் அபாய அறிகுறியும்

டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், இரத்தப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். கோடையில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கல்யாணம், திருவிழா என்று டயாலிசிஸைத் தள்ளிப்போடவே கூடாது.

கைகால் தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு, மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகிலுள்ள வேறு மருத்துவமனையோ, உடனே போய்ச் சேருங்கள். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதால் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிறுநீரக நோயாளியைப் பார்க்கப் போகும்போது இளநீரும் பழக்குலையும் வாங்கிப் போகாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.