முகம் மலர உண்ணுதல்

தைத் திங்களின் முதல் நாளைத் தமிழர் பொங்கல் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். அதே வேளையில் மராட்டியர் மகர சங்கராந்தி கொண்டாடுகின்றனர். அதற்கு முந்திய நாளாகிய போகியும் இருவருக்கும் உரியது. தமிழர் அன்று பழையன கழிப்பர். மராட்டியரோ எள் தூவிய ரொட்டியும், பல காய்கறிகள் சேர்த்த கூட்டும் சமைப்பர். அவை குளிர்காலத்தில் உடலுக்கு வெப்பம் தரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

புனே நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு சிறுமி வாழ்ந்து வந்தாள். தந்தையின் பணிமாற்றத்தால் அவள் குடும்பம் மதுரையிலிருந்து அங்குக் குடியேறி ஏழு திங்களே ஆகியிருந்தன. எதிர்வீட்டு மூதாட்டியை அவள் 'ஆஜி' என்று அழைப்பாள். மராத்தி மொழியில் அச்சொல்லுக்குப் பாட்டி என்பது பொருள்.

போகியன்று ஆஜி சிறுமியை உண்ண அழைத்தார். தட்டில் சாம்பல் நிறத்தில் தடித்த ரொட்டி ஒன்று இருந்தது. அதனருகே கத்திரிக்காய், கேரட், பச்சைக் கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவை கலந்த கூட்டும் சிறிது வெண்ணெயும் இருந்தன. ரொட்டியின் நிறத்தைக் கண்டதும் சிறுமி முகம் சுளித்தாள். "நக்கோ" என்று கூறித் தட்டைத் தள்ளி வைத்தாள். வேண்டாம் என்பதற்கு அவள் அறிந்திருந்த மராத்திச் சொல் அது ஒன்றுதான். ஆஜி ஒன்றும் கூறவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் சென்றார். அவர் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்த சிறுமி நடந்ததைத் தாயிடம் கூறினாள்.

"அந்த ரொட்டியை எதனால் செய்தார்கள் என்று கேட்டாயா?" என்றார் தாய்.

"இல்லை, அம்மா."

"அது கம்பு ரொட்டி. ஊரில் உன் அப்பத்தா கூழ் காய்ச்சுவாரே, அதே கம்புதான்."

சிறுமி வியப்புடன் நோக்கினாள். தாய் மேலும் கூறினார்: "அனிச்ச மலர் மோந்த அளவில் வாடிவிடும். வீட்டார் முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்று திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் கூறுகிறது. விருந்து படைப்பவரின் உள்ளமும் அப்படிப்பட்டதே."

மறுநாள் சிறுமி ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு ஆஜியின் வீட்டுக்குச் சென்றாள். ஆஜி அதுவரை அதனை உண்டதில்லை. அவர் கிண்ணத்தை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டார். அதில் சேர்ந்துள்ள பொருள்கள் யாவை என வினவினார். பின்னர் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். அதுவரை சிறுமியின் கண்கள் அவர் முகத்தை விட்டு அகலவில்லை. "கூப் சான்" என்றார் ஆஜி. மிகவும் நன்று என்பது அதன் பொருள். அப்போதுதான் முந்திய நாளில் ஆஜி தன் முகத்தை எவ்வாறு நோக்கியிருப்பார் என்பது சிறுமிக்கு விளங்கிற்று.

"ஆஜி, நேற்றைய ரொட்டி இருக்கிறதா? தோடே த்யா" என்றாள். கொஞ்சம் கொடுங்கள் என்று அவள் கேட்டதும் ஆஜி சிரித்தார். ரொட்டியில் ஒரு சிறு துண்டை எடுத்து வெண்ணெய் தடவிக் கொடுத்தார். கூட்டின் காரம் சிறுமிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆயினும் ரொட்டியில் அப்பத்தா வீட்டுக் கம்பின் மணம் இருந்தது. அவள் மேலும் ஒரு துண்டு கேட்டாள். புறப்படும்போது ஆஜி எள்ளுருண்டை ஒன்றை அவள் கையில் வைத்து, "எள்ளும் வெல்லமும் பெற்றுக்கொள், இனிமையாகப் பேசு" என்று சங்கராந்தி வாழ்த்துக் கூறினார்.

அறிந்துகொள்வோம்

உணவு ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வது புதிதன்று. புனேயில் இளமையைக் கழித்த சிவாஜியின் தம்பி ஏகோஜி, 1676ஆம் ஆண்டில் தஞ்சையில் மராட்டியர் ஆட்சியைத் தொடங்கினார். அவ்வாட்சி 1855 வரை நீடித்தது. மன்னர் இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையலைப் பற்றிய 'சரபேந்திர பாக சாஸ்திரம்' என்னும் நூல் இன்றும் கிடைக்கிறது. இன்று தமிழர் விரும்பி உண்ணும் போளி, மராட்டியரின் பூரண்போளியோடு உறவுடையது. அறியாத அப்பண்டத்தை அன்று யாரோ சுவைத்துப் பார்த்ததனால்தான் அது நம் பண்டமாயிற்று.

விருந்தினர் பண்பு

1. உணவைக் கண்டு முகம் சுளித்தலும், மூக்கைப் பொத்துதலும் கூடா.
2. அறியாத உணவாயின் அதன் பெயரையும் அதில் சேர்ந்த பொருள்களையும் பணிவுடன் கேட்க வேண்டும்.
3. முதலில் சிறிதளவே பெற வேண்டும். மிகுதியாகப் பெற்று வீணாக்குதல் தகாது.
4. சிலருக்கு நிலக்கடலை, எள் போன்றவை உடலுக்கு ஒவ்வா. சிலர் புலால் உண்ணார். அத்தகையோர் உண்ண வேண்டியதில்லை. காரணத்தைக் கூறி, நன்றியுடன் மறுக்கலாம்.
5. போதும் என்பதற்கு மராத்தியில் 'புரே' என்பர். அதனைப் புன்னகையுடன் கூற வேண்டும்.

சொற்பொருள்

திங்கள் – மாதம்
அடுக்களை – சமையலறை
மோத்தல் – முகர்தல்
புலால் – இறைச்சி
ஒவ்வா – ஒத்துக்கொள்ளா

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. சிறுமி தட்டைத் தள்ளி வைத்தபோது ஆஜி என்ன செய்தார்?
2. ஆஜி பொங்கலைச் சுவைத்தபோது சிறுமி அவர் முகத்தையே நோக்கியது ஏன்?
3. உண்ண இயலாத உணவை எவ்வாறு மறுக்க வேண்டும்?

ஆ. எதிர்ச்சொல் தருக: இனிமை, புதிது, மலர்தல்.

இ. அண்டை வீட்டில் நீ முதன்முதலாக உண்ட உணவு ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக. அவ்வுணவில் சேரும் பொருள்களை வீட்டாரிடம் கேட்டு, அவற்றின் பெயர்களைத் தமிழிலும் மராத்தியிலும் குறிப்பிடுக.