இரண்டு லைனுக்கு ஒரு ரவுட்டர்: ரூட்-மேப்போடு நாட்

சிஸ்கோ ரவுட்டரில் ஒரே இன்டர்நெட் லைன் என்றால் ரூட்-மேப் வேண்டாம். அக்சஸ் லிஸ்ட்டும் ஓவர்லோடும் போதும். இரண்டாவது லைன் வந்ததும் பலரும் பழைய நாட் கட்டளையிலேயே இன்டர்ஃபேஸ் பெயரை மட்டும் மாற்றி மறுபடி அடிக்கிறார்கள். லிஸ்ட் ஒன்றேதான் என்பதால் புதியது பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உள் பக்கம் ‘ஐபி நாட் இன்சைடு’, வெளியே போகும் இரண்டு இன்டர்ஃபேஸிலும் ‘ஐபி நாட் அவுட்சைடு’. பிறகு எக்ஸ்டெண்டட் லிஸ்ட் 101. கிளை அலுவலகத்துக்கு விபிஎன் இருந்தால் அந்த நெட்வொர்க்குக்கு முதல் வரியிலேயே ‘டினை’. அதன் கீழே 192.168.1.0 0.0.0.255-க்கு ‘பெர்மிட்’. சோம்பலில் ‘எனி எனி’ போடுவது என்னிடம் செல்லாது.

இனிதான் கவனம் வேண்டும். லைனுக்கு ஒன்றாக இரண்டு ரூட்-மேப் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ‘மேட்ச் ஐபி அட்ரஸ் 101’ வரும். அதோடு ‘மேட்ச் இன்டர்ஃபேஸ்’ என்று அந்தந்த லைனின் வெளி இன்டர்ஃபேஸும் வர வேண்டும். பலர் விடுவது இந்த இரண்டாவது வரியைத்தான். உள்ளிருந்து வெளியே போகும் பாக்கெட்டுக்கு ரவுட்டர் முதலில் வழியை முடிவு செய்யும், அப்புறம்தான் நாட். எந்த வழியாகப் போகிறது என்பது தெரிந்துவிட்டதால் அதை மேட்ச் செய்ய முடிகிறது. அந்த வரி இல்லாவிட்டால் இரண்டு ரூட்-மேப்பும் ஒன்றுபோலவே பொருந்தும். இரண்டாம் லைனில் போகும் பாக்கெட் முதல் லைனின் முகவரியைச் சுமந்து போகலாம். இரண்டாம் லைனைத் தரும் நிறுவனம் அதைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடும். ரூட் சரி, பிங் மட்டும் போகவில்லை என்று புலம்புவது இந்த இடத்தில்தான்.

பிறகு ‘ஐபி நாட் இன்சைடு சோர்ஸ் ரூட்-மேப்’ கட்டளையை ரூட்-மேப்புக்கு ஒன்றாக, அதே இன்டர்ஃபேஸ் பெயரோடு, கடைசியில் ‘ஓவர்லோடு’ சேர்த்துக் கொடுங்கள். பெயர் மாறிப் போனாலும் ரவுட்டர் முணுமுணுக்காது. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐபி எஸ்எல்ஏ வைத்து லைன் தானாக மாறும்படி செய்திருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. ரூட் மாறினாலும் பழைய நாட் பதிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். டிசிபி பதிவுக்கு இயல்பான ஆயுள் 24 மணி நேரம், யுடிபிக்கு 5 நிமிடம். ஐபி ஃபோன் இடைவிடாமல் பாக்கெட் அனுப்புவதால் அந்த 5 நிமிடம் முடிவதே இல்லை. ‘கிளியர் ஐபி நாட் டிரான்ஸ்லேஷன் *’ அடித்தால் தீரும். அந்த நேரத்து இணைப்புகள் அறுபடும், பரவாயில்லை. இதை ஈஇஎம் ஆப்லெட்டில் எழுதி எஸ்எல்ஏ டிராக்கோடு கட்டிவிடுவது என் வழக்கம்.

கடைசியாக, முதல் லைன் செத்ததுபோல் ஆக்கிவிட்டு ‘ஷோ ஐபி நாட் டிரான்ஸ்லேஷன்ஸ்’ பாருங்கள். ‘இன்சைடு குளோபல்’ பத்தியில் இரண்டாம் லைனின் முகவரி தெரியாதவரை வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.